சொல்தா அக்காவின் வாடகை வீடுகள்

காரைக்காலில் அந்தக் காலத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள், தரகரிடம் போவதற்கு முன்னால் சொல்தா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவார்கள். அக்கா வாசலில் நின்றபடியே சொல்லுவாள். கையில் முறமோ துடைப்பமோ ஏதாவது ஒன்று இருக்கும்.

“மாதா கோயில் வீதியில ஒரு மாடி வீடு காலியாவுது. காத்து பிச்சுக்கிட்டு வரும். கெணத்துத் தண்ணிதான் உப்பு, பருப்பு வேவாது. பெருமாள் கோயில் பக்கத்துல ஒண்ணு இருக்கு. தண்ணி நல்ல தண்ணி. ஆனா வீட்டுக்காரம்மாவுக்குக் காது நல்லா கேக்கும்.”

“காது கேட்டா என்னக்கா?” என்று கேட்பாள் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள்.

“போய்ப் பாரு, தெரியும்” என்று அக்கா முறத்தைத் தட்டுவாள்.

இதெல்லாம் கேள்வி ஞானம் இல்லை. அத்தனை வீட்டிலும் அவள் குடியிருந்திருக்கிறாள். எந்த வீட்டில் மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும், எந்த வீட்டுக்காரர் லைட்டை அணைக்கச் சொல்லிச் சுவரைத் தட்டுவார், மாங்கனித் திருவிழாவுக்கு எந்த மாடியில் நின்றால் சாமி நேருக்கு நேராகத் தெரியும், எல்லாம் அத்துப்படி. மாங்கனி பார்ப்பதற்காகவே ஒரு வருஷம் ஒரு வீட்டுக்குக் குடிபோனாள். திருவிழா முடிந்ததும் “அவ்வளவுதான், பாத்தாச்சு” என்று அடுத்த வீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். வெள்ளைக்காரன் போன பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் மீசை முளைத்ததும் அங்கே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிடுவார்கள். அவர்களை ஊரில் சொல்தா என்போம். சொல்தா பெண்டாட்டி, எங்களுக்கெல்லாம் சொல்தா அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் ஆள் இல்லை.

என் கதை இதற்கு நேர் எதிர். நான் பிறந்தது ஒரு தெரு, வாழ்க்கைப்பட்டது அடுத்த தெரு. என் வீட்டுக்காரர் மின்சார ஆபீஸில் வேலை. சாயங்காலம் பால்காரர் வருவதற்கு முன்னால் சைக்கிள் மணி கேட்டுவிடும். அக்கா அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணுவாள்.

“தெனம் வர்றாரேடி. ஒனக்கு அலுக்கல?”

“தெனம் சண்டை போடவும் ஆள் வேணும்ல அக்கா?”

“அதுவும் சரிதான். நான் சண்டைய சேத்து வச்சுப் போட வேண்டியிருக்கு. அவரு வந்து எறங்குனதும் எதுக்குச் சண்டைன்னு மறந்துபோவுது.”

அவள் குடி மாறுவதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தாள். புருஷனுக்கு மாற்றல் வந்தால் அவளுக்கும் மாற்றல். பிரான்சில் மர்சேயில் இருந்தவரை ஆப்பிரிக்காவில் ஜிபுத்திக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கடிதம் வந்தால், அந்த வாரமே அக்கா வீடு பார்க்கக் கிளம்பிவிடுவாள். ஜிபுத்தியிலிருந்து ஜெர்மனி என்றால் இங்கே திருநள்ளாறு ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம். ஜெர்மனியிலிருந்து மறுபடி ஆப்பிரிக்கா என்றால் மறுபடி மூட்டை. ஒரு தடவை நான் வாய்விட்டுக் கேட்டேன்.

“ஏன்க்கா, மாத்துனது அவரத்தானே? ஒங்களுக்கு யாரு ஆர்டர் போட்டா?”

“அவரு இருக்குற ஊரு எனக்குத் தெரியாது. நான் இருக்குற வீடு அவருக்குத் தெரிய வேணாம். சரிக்குச் சரி.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதில் பாதி விளையாட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஊரையே சுற்றிக்கொண்டிருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆகவே என் வீட்டு விலாசம்தான் அவளுக்கும் விலாசம். வெளிநாட்டுக் கடிதம் வந்தால் நான் அக்காவின் வீட்டைத் தேடிக்கொண்டு போவேன். சில சமயம் அவள் அதற்குள் அங்கிருந்தும் மாறியிருப்பாள். கடிதத்தை நின்றபடியே பிரித்து, நின்றபடியே படித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “ஒலைல அரிசி வெந்துருக்கும்” என்று உள்ளே ஓடிவிடுவாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். சாப்பாடுகூட அடுப்படியில் நின்றுகொண்டு, தட்டைக் கையில் ஏந்தி, சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே முடியும். “ஒக்காந்து சாப்புடுங்களேன்க்கா” என்றால், “ஒக்காந்தா சோறு எறங்காது, நெனப்புதான் ஏறும்” என்பாள்.

குடிபோகும் நாளில் அவளைப் பார்க்க வேண்டும். முகத்தில் அப்படி ஒரு களை வந்துவிடும். மூன்று இரும்புப் பெட்டி, ஒரு சாக்கில் பாத்திரம், ஒரு மூட்டைத் துணி, சுருட்டிய பாய்கள். அதற்கு மேல் ஒரு சாமான் சேர விடமாட்டாள். கட்டில் வாங்கினால் அதைத் தூக்க ஆள் வேண்டும், பீரோ வாங்கினால் அது எந்த வாசலிலும் நுழையாது என்பாள். மாட்டு வண்டி பின்னால் வரும். அதற்கு முன்னால் உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் ஆகியவற்றோடு நாங்கள் இருவரும் அக்காவின் மகளும் நடப்போம். புது வீட்டில் பால் காய்ச்சிப் பொங்கவிட்டு முதல் டம்ளரை என்னிடம் கொடுப்பாள். அன்றைக்கெல்லாம் அறைக்கு அறை நடந்துகொண்டே இருப்பாள். மகள் மட்டும் ஒரு மூலையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து, “இங்க எத்தனை நாளும்மா?” என்று கேட்கும். “பாப்போம்” என்பாள்.

ஆடி மாதமும் மார்கழி மாதமும் அக்காவுக்குச் சிறைவாசம். அந்த மாதங்களில் யாரும் குடிபோக மாட்டார்கள். அக்கா அதையெல்லாம் மீறுகிறவள் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் அவளோடு பேச முடியாது. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அரசலாற்றுப் பாலம் வரை காரணமில்லாமல் போய்விட்டு வருவாள். ஆடி பிறக்கப் போகிறது என்றால் ஆனி கடைசியில் எப்படியாவது ஒரு மாற்றலை முடித்துக்கொள்ளப் பார்ப்பாள். அப்படி ஒரு வருஷம் அவசர அவசரமாக ஆனி கடைசியில் குடிமாறி, அதைப் பற்றிப் புருஷனுக்கு ஒரு வரிகூட எழுதாமல் விட்டதுதான் வினையாகப் போயிற்று.

அந்த ஆடியில் மாமா திடீரென்று லீவில் வந்துவிட்டார். அக்காவின் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். லீவு கிடைத்த கையோடு கிளம்பிவிட்டார், வருகிறேன் என்று எழுதின கடிதம் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. என் வீட்டு விலாசம் அவருக்குத் தெரியும்தான். ஆனால் நாங்கள் ஆடிப்பெருக்குக்காக நெடுங்காட்டில் என் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். பூட்டைப் பார்த்த மனுஷர், போன தடவை லீவில் தங்கியிருந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே வேறு ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் ஒரு தெருவைச் சொன்னார்கள். அந்தத் தெருவில் இன்னொரு தெருவைச் சொன்னார்கள். கோட்டும் சூட்டும், தலையில் ஒரு பெட்டி, கையில் ஒரு பெட்டி. நல்ல வெயில். காரைக்காலில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்களாம். “பொண்டாட்டியத் தேடுறாரு” என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் அடுத்த கடைக்காரருக்குச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

கடைசியில் கடற்கரை ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றிருக்கிறார். அக்கா திரும்பிப் பார்த்து, “லீவு குடுத்தாங்களா?” என்றாளாம். அவ்வளவுதான்.

“மொதல்ல தண்ணி குடு” என்றாராம் அவர். குடித்துவிட்டுச் சொன்னாராம்: “கடலத் தாண்டி வந்துட்டேன். நம்ம ஊருல நாலு தெரு தாண்டி வர முடியல.”

இதை எனக்குச் சொன்னது மகள்தான். அப்பா அப்புறம் அழுதார் என்றும் சொல்லிற்று. அக்கா அந்தப் பகுதியை எனக்குச் சொல்லவே இல்லை.

அந்த லீவிலேயே மாமா கோட்டுச்சேரி போகும் ரோட்டில் ஒரு மனை வாங்கினார். இனிமேல் ஒரே விலாசம், சாகும்வரை அதே விலாசம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். ஒரு லீவில் அஸ்திவாரம், அடுத்த லீவில் சுவர் என்று அந்த வீடு மெல்ல மெல்ல எழும்பிற்று. இடையில் கொத்தனாரை விரட்டியதும், சுவருக்குச் சாயங்காலம் சாயங்காலம் தண்ணீர் ஊற்றியதும் அக்காதான். ஊரிலுள்ள வீட்டுக்கெல்லாம் குறையும் நிறையும் சொல்கிறவள், அந்த வீட்டைப் பற்றி மட்டும் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. “எப்புடிக்கா வருது?” என்று கேட்டால், “வருது” என்பாள்.

வீடு பூசிக்கொண்டிருந்த வருஷம்தான் அந்த ரேடியோ செய்தி வந்தது.

ஏதோ ஒரு நாட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தார் தங்கியிருந்த கட்டடத்தில் குண்டு வெடித்து நிறையப் பேர் இறந்துபோனார்கள் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். மாமாவிடமிருந்து கடிதம் வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. கடைசிக் கடிதத்தில் வேறு இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள், எங்கே என்று சொல்லவில்லை என்று எழுதியிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அக்கா தலைவாரிப் பொட்டு வைத்து, குடையும் கையுமாக வாசலில் நின்றிருந்தாள்.

“வர்றியா? வீடு பாக்கப் போறேன்” என்றாள்.

அன்றைக்கு நாங்கள் நடந்த நடை என் ஜென்மத்தில் நடந்ததில்லை. காலியாக இருக்கிற வீடு, காலியாகப் போகிற வீடு, ஆள் இருக்கிற வீடு என்று எதையும் விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினாள். நான் அழாமல் இருந்ததே பெரிய காரியம். சாயங்காலம் ஒரு வயசான அம்மாவின் வீட்டில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, வழக்கமாகச் சொல்கிற வசனத்தைச் சொல்லுவாள் என்று நின்றேன். எங்க அவரு பட்டாளத்துல இருக்காரு, அடுத்த லீவுக்கு வருவாரு, நானும் பொண்ணும்தான். இதுதான் வசனம்.

அன்றைக்கு அக்கா கேட்டது வேறு.

“ஆம்பள இல்லாத குடும்பத்துக்கு வாடகைக்குக் குடுப்பீங்களா?”

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏம்மா, நெத்தியில பொட்டு இருக்கே?” என்றார். அக்கா குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் அந்த வீட்டு அடுப்படி இருட்டு என்று குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

சில நாள் கழித்துத் தந்தி வந்தது, சுகம் என்று. அவர் அந்த நாட்டுக்குப் போகவே இல்லையாம். தந்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இத மொத நாளே குடுத்தா என்ன? தந்திக்குக் காசா இல்ல?” என்று இல்லாத மனுஷரைத் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே என் வீட்டு முற்றத்தை மூன்று தரம் கூட்டிவிட்டாள். அவள் மேல் எனக்கு இருந்த பிரியம் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் மகளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளையும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பாரிஸுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் மாமா பென்ஷன் வாங்கிக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். கோட்டுச்சேரி ரோட்டு வீட்டில் கிரகப்பிரவேசம். மொசைக் தரை, சுவரோடு அலமாரி, பட்டையான தேக்குக் கட்டில். “குடுத்து வச்சவ” என்று ஊரே சொல்லிற்று. நானும்தான் சொன்னேன். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா தங்கமான மனுஷர். குடியில்லை, கூச்சல் இல்லை. விடியுமுன் எழுந்து படுக்கையைச் சுருக்கமில்லாமல் மடித்துவைப்பார். டம்ளர்களை உயரவாரியாக அடுக்குவார். மற்ற நேரமெல்லாம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷம் உட்கார விடாததற்கெல்லாம் சேர்த்து உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலு வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு மற்ற பென்ஷன்காரர்களோடு கொடி வணக்கத்துக்குப் போவார். அந்த மெடல்களைத் துலக்கிக் கொடுத்துவிட்டு அக்கா என்னிடம், “இதுல ஒண்ணு எனக்குக் குத்துனா கொறஞ்சா போயிடும்?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆனால் அவள் இளைத்துக்கொண்டே போனாள். தினமும் காலையில் வேலையை முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடை.

“எங்க போறன்னு கேக்குறாருடி” என்றாள் ஒரு நாள்.

“கேட்டா என்ன? சொல்லிட்டு வாங்க.”

“எங்க போறேன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லுறதுக்கு? இத்தினி வருசமா என்னைய யாரும் கேட்டதில்ல.”

“அக்கறையாத்தான் கேக்குறாரு அக்கா.”

“அக்கறைதான். இல்லன்னு யாரு சொன்னா?”

இன்னொரு நாள் உச்சி வெயிலில் வந்தாள். மண்டபத்தூர் பஸ்ஸில் ஏறி அங்கே போய் இறங்கி, கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தாளாம். எதற்கு என்று கேட்டேன். “சும்மா” என்றாள். “இதுதான் கடைசி வீடுன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றாரு. கடைசி கடைசின்னு காதுல விழுந்தா எனக்கு மூச்சு முட்டுது” என்றாள். மோர் கொடுத்தேன்.

கடைசியில் ஒரு நாள் புருஷனிடமே சொல்லிவிட்டாள், நான் தனியா ஒரு வாடகை வீடு பாத்துக்குறேன் என்று. மனுஷர் இடிந்துபோய்க் கோட்டுச்சேரியிலிருந்த தன் அக்காளுக்குச் சொல்லியனுப்பினார். அந்த அம்மாள் மறுநாள் காலையில் பஞ்சாயத்துப் பண்ண வந்து இறங்கினார். அக்கா என்னையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். என் வாழ்க்கையில் நான் போக விரும்பாத இடத்துக்கெல்லாம் என்னைக் கூட்டிப்போனது அவள்தான்.

கூடத்தில் நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமா நாற்காலியில். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஊருல அவளவ ஒண்டுக் குடித்தனத்துல கெடந்து லோல்படுறா. எந்தம்பி ஒனக்கு அரமனையாட்டம் கட்டிக் குடுத்துருக்கான். என்னாடி கொறச்சல்?” என்றார் நாத்தனார்.

“கொறச்சல் ஒண்ணுமில்லீங்க அண்ணி.”

“அவன் மேல எதாச்சும் கோவமா?”

“அவரு மேல என்னாங்க கோவம்.”

“அப்ப என்னாதான் ஒனக்கு? புருஷன் இல்லாதப்ப வாசல் வாசலா அலஞ்ச, சரி. இப்பத்தான் வந்துட்டானே!”

அக்கா கொஞ்ச நேரம் கதவின் தாழ்ப்பாளை நீக்குவதும் போடுவதுமாக இருந்தாள். பிறகு மாமாவைப் பார்க்காமல் நாத்தனாரைப் பார்த்தே பேசினாள்.

“அண்ணி, அவரப் போதும்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்னையப் போதும்னு யாரும் சொல்லலீங்களே. விடிஞ்சா எங்கயாச்சும் கெளம்பணும்னு காலு துடிக்குது. நான் என்ன பண்ணுவேன்? எனக்கு இவரோட இருந்து பழக்கமில்ல. இவரு எங்கயோ இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு இருந்துதான் பழக்கம். இப்ப கண்ணு முன்னால ஒக்காந்துருக்காரு, நான் யார நெனச்சுக்கிட்டு சோறாக்குறது?”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. மாமா எழுந்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

“போயிட்டான்! வந்தவன வெரட்டிட்டா பாவி!” என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தாள். உள்ளே வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை ரேடியோ செய்தி வந்த அன்றைக்குக்கூட நான் பார்க்கவில்லை. “நான் போன்னு சொல்லலியேடி” என்றாள் என்னிடம். “அவரப் போன்னு நான் சொல்லலியே.”

அவர் வெகு நேரம் கழித்து வந்தார். மாட்டு வண்டியில், வண்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தார். இறங்கினவர் நேரே உள்ளே போய் ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில் வைத்தார். மறுபடி போனார். அடுத்த பெட்டி. அதற்கடுத்த பெட்டி. துணியை மூட்டை கட்டினார், பாயைச் சுருட்டினார். கட்டிலைத் தொடவில்லை.

“எங்கடா போறீங்க? இது சொந்த வீடுடா!” என்று நாத்தனார் அலறினார்.

“இங்கயேதான் இருக்கும். யாரு தூக்கிட்டுப் போவப் போறா?” என்றார் மாமா. கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தார். பிறகு அக்காவிடம் வந்தார். வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

“எந்தத் தெரு?” என்று கேட்டார்.

ஊரிலுள்ள காலி வீடெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருக்கிறவளுக்கு அன்று ஒரு தெருப் பெயரும் வரவில்லை.

“இன்னும் வீடு பாக்கலீங்களே” என்றாள்.

“சரி, பாத்துக்கிட்டே போவோம்” என்றார்.

வண்டி நகர்ந்தது. இருவரும் பின்னால் நடந்தார்கள். குத்துவிளக்கை யாரோ என் கையில் கொடுத்துவிட்டார்கள், அதனால் நானும் கூடவே நடந்தேன். டவுனுக்குள் நுழைந்ததும் ஓர் ஓட்டு வீட்டுக்கு எதிரே அக்காவின் நடை தானாகக் குறைந்தது.

“இந்த வீட்டுல ரொம்ப நாளு இருந்தேன்” என்றாள். “நீங்க ஜிபுத்தியில இருந்தப்ப. பாப்பா கைக்கொழந்த.”

மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். ரோட்டின் நடுவிலேயே நின்று அந்த வீட்டைப் பார்த்தார். இறுக அடைத்திருந்த கதவை, கூரை ஓடுகளை, மழைநீர் இறங்கிக் கறுத்திருந்த சுவரை, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எந்த ரூமுல படுத்துருப்பீங்க?”

“அந்த ஜன்னல் இருக்குல்ல, அதுல.”

அவர் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து ஒதுங்கிப் போனான்.

“தனியா இருந்தியே, பயமா இருந்துச்சா?” என்றார்.

எனக்குத் தெரிந்து அத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூடவே அலைந்த நானும் கேட்டதில்லை. ஏதாவது கேலியாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அக்கா வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இருந்துச்சுங்க” என்றாள்.